ஜாவாஸ்கிரிப்ட் எங்க கத்துக்கிறது? அதுக்கு முன்னாடி எதைத் தேடுறோம்னு பாத்துக்குவோம்

எங்க சித்தப்பா பையன் கொஞ்ச நாளைக்கு முன்னாடி போன் பண்ணி, "அண்ணே, ரெண்டு மாசமா ஜாவா கிளாஸ் போறேன், இன்னும் ஒரு வெப்சைட்ல பட்டனை அமுக்குனா ஒரு மெசேஜ் வர்ற மாதிரி கூட பண்ணத் தெரியல, எனக்குத்தான் மண்டையில ஏறலையா"ன்னு கேட்டான். அவன் மண்டை மேல எந்தத் தப்பும் இல்ல. வெப்சைட் பண்ணணும்னு போனவனை ஒரு சென்டர்ல ஜாவா கோர்ஸ்ல சேத்துவிட்டு, இவன் சந்தேகமா கேட்டதுக்கு "எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ன்னு சொல்லியிருக்காங்க, ஃபீஸும் கட்டியாச்சு.

ஒண்ணு இல்ல. வெப்சைட்ல பட்டனை வேலை செய்ய வைக்கிறது ஜாவாஸ்கிரிப்ட், அவன் படிச்சது ஜாவா, ரெண்டும் வேற வேற மொழி. இது தெரிஞ்சவங்க கூட அடுத்த இடத்துல சறுக்குறாங்க. "ஜாவாஸ்கிரிப்ட்"னு ஒரே பேர்ல நாலு வேற வேற விஷயத்தைப் பேசிக்கிட்டு இருக்கோம், அதனாலதான் எந்த வீடியோ பாத்தாலும் பாதி புரியுது பாதி புரியல. கத்துக்க இடம் இல்லாம யாரும் நிக்கல, இலவசமாவே கொட்டிக் கிடக்கு. எது எதுக்கானதுன்னு தெரியாமத்தான் நிக்கிறோம். அதனால லிங்க் லிஸ்ட் குடுக்கிறதுக்கு முன்னாடி, பிரௌசருக்குள்ள என்னதான் நடக்குதுன்னு கொஞ்சம் பேசிடலாம்.

## இந்தப் பேர் எப்படி வந்துச்சு

1995 மே மாசம், நெட்ஸ்கேப்னு ஒரு பிரௌசர் கம்பெனியில பிரெண்டன் ஐக்னு ஒருத்தர் பத்தே நாள்ல இந்த மொழியோட முதல் வடிவத்தை எழுதிட்டாரு. முதல்ல வச்ச பேரு மோக்கா, அப்புறம் லைவ்ஸ்கிரிப்ட். அதே வருஷம் சன் கம்பெனியோட ஜாவா சக்கைப்போடு போட்டுக்கிட்டு இருந்துச்சு, ரெண்டு கம்பெனியும் கை கோத்துக்கிட்டாங்க, டிசம்பர்ல ஜாவாஸ்கிரிப்ட்னு பேர் மாத்தி அறிவிச்சுட்டாங்க. அன்னைக்கு விளம்பரத்துக்கு வச்ச பேருக்கு முப்பது வருஷம் கழிச்சு நம்ம பையன் ரெண்டு மாச ஃபீஸ் கட்டியிருக்கான்.

1997-ல இந்த மொழிக்கு ஒரு பொது விதி எழுதினாங்க. ஜாவாங்கிற பேரு சன் கம்பெனிக்கு உரிமையானதுங்கிறதால, விதிப் புத்தகத்துக்கு எக்மாஸ்கிரிப்ட்னு வேற பேரு. எங்கயாவது இஎஸ்5, இஎஸ்6னு பாத்தா பயப்பட வேண்டாம், அந்த விதிப் புத்தகத்தோட பதிப்பு எண்தான் அது. இதுல 2015-ல வந்த இஎஸ்6 மட்டும் மனசுல இருக்கட்டும், பின்னாடி தேவைப்படும்.

## ஒரு டீக்கடைய நினைச்சுக்கோங்க

பாய்லர், பெஞ்சு, பிஸ்கட் பாட்டில், காசு மேசை இதெல்லாம் இருக்கிற ஒரு கடை. எது எது இருக்கு, எதுக்குள்ள எது இருக்குன்னு சொல்றது எச்டிஎம்எல். பெஞ்சுக்கு என்ன பெயின்ட், போர்டு எவ்வளவு பெருசு, பாட்டில் எந்தப் பக்கம்னு சொல்றது சிஎஸ்எஸ். இது ரெண்டு மட்டும் இருந்தா கடை திறந்திருக்கும், பாக்க நல்லாவும் இருக்கும், ஆனா டீ வராது. "ஒரு ஸ்ட்ராங், சக்கரை கம்மி"ன்னு சொன்னதும் கை அசையுதே ஒரு மாஸ்டர், அந்த அசைவுதான் ஜாவாஸ்கிரிப்ட்.

இது வரைக்கும் எல்லா டுடோரியலும் சொல்லிடும், டீக்கடைக்குப் பதிலா வீடுன்னு சொல்லும், அவ்வளவுதான் வித்தியாசம். இதுக்கு அப்புறம் வர்றதைத்தான் யாரும் பிரிச்சுச் சொல்றதில்ல.

## மாஸ்டர் பேசுற மொழி வேற, கடைச் சாமான் வேற

மாஸ்டருக்குத் தமிழ் தெரியும். "இது இருந்தா அதைப் பண்ணு", "பத்து தடவை பண்ணு", "இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோ" இதெல்லாம் அவருக்குப் புரியும். ஆனா தமிழ் தெரிஞ்சதால மட்டும் அந்தக் கடையில வடிகட்டி எங்க இருக்குன்னு தெரிஞ்சிடாது இல்லையா. மொழிங்கிறது ஒண்ணு, அலமாரியில இருக்கிற சாமான் இன்னொண்ணு.

பிரௌசர்லயும் அதே கதைதான். கூட்டல் கழித்தல், நிபந்தனை, லூப் (திரும்பத் திரும்பப் பண்றது), ஃபங்ஷன் (ஒரு வேலைக்கான வரிகளைக் கட்டி பேர் வச்சுக்கிறது), லிஸ்ட் இதெல்லாம் மொழி. பக்கத்துல இருக்கிற பட்டனைக் கண்டுபிடிக்கிறது, மூணு செகண்ட் கழிச்சு ஒண்ணைப் பண்றது, சர்வர்ல இருந்து, அதாவது வெப்சைட்டை வச்சிருக்கிற தூரத்துக் கம்ப்யூட்டர்ல இருந்து, டேட்டா வாங்கிட்டு வர்றது, அலர்ட் பாக்ஸ் காட்டுறது இதெல்லாம் பிரௌசர் தன் அலமாரியில எடுத்து வச்சிருக்கிற சாமான். இந்த அலமாரிக்குப் பேரு வெப் ஏபிஐ. எக்மாஸ்கிரிப்ட் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் படிச்சாலும் இந்தச் சாமானுங்களோட பேரான அலர்ட், டாக்குமென்ட், செட்டைம்அவுட், ஃபெட்ச் எதையும் நீங்க அதுல கத்துக்க முடியாது. ஏன், விடையை எழுதிக் காட்ட எல்லாரும் முதல் நாள் எழுதுற கன்சோல்.லாக் கூட மொழி இல்ல, சாமான்தான்.

இது ஏதோ வாத்தியார் பிரிவினைன்னு நினைக்காதீங்க. 2009-ல ரையன் டால்னு ஒருத்தர் குரோமுக்குள்ள இருந்த வி8ங்கிற இன்ஜினை, அதாவது மொழியைப் புரிஞ்சுக்கிட்டு ஓட்டுற பகுதியை மட்டும், வெளிய எடுத்து தனியா ஓட விட்டாரு, அதுதான் நோட்.ஜேஎஸ். அதே மாஸ்டர், அதே தமிழ், ஆனா இப்ப அவர் நிக்கிறது கடையில இல்ல, பின்னாடி குடோன்ல. அங்க பெஞ்சும் இல்ல பாட்டிலும் இல்ல, வேற சாமான் இருக்கு, ஃபைல் திறக்கலாம், சர்வர் நடத்தலாம். நிறையப் பேர் பிரௌசருக்காக எழுதின கோடை (code) எடுத்து நோட்ல ஓட்டிட்டு, "டாக்குமென்ட் இஸ் நாட் டிஃபைன்ட்"னு சிவப்பு எழுத்து வந்ததும் தலையில கை வச்சுக்கிறாங்க. கோடு சரிதான், குடோன்ல போய் பெஞ்சைத் தேடியிருக்கீங்க, அவ்வளவுதான்.

நாலாவது விஷயம் லைப்ரரி. யாரோ ஏற்கனவே எழுதி வச்ச கோடை நாம எடுத்துப் பயன்படுத்திக்கிறது, கடையில ரெடிமேட் இஞ்சி பொடி வாங்கி வைக்கிற மாதிரி. ஜேகொயரி, ரியாக்ட் எல்லாம் இந்த வகை.

ஆக நாலு: மொழி, பிரௌசர் அலமாரி, நோட் அலமாரி, லைப்ரரி. யாராவது "ஜாவாஸ்கிரிப்ட் டுடோரியல்"னு சொன்னா இதுல எதைச் சொல்றாங்கன்னு பாருங்க, முக்கால்வாசிக் குழப்பம் அங்கயே தீந்துடும்.

## உங்ககிட்டயே இருக்கிற முதல் வாத்தியார்

கத்துக்க எதையும் இன்ஸ்டால் பண்ணத் தேவையில்ல. கம்ப்யூட்டர்ல குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ திறந்து எஃப்12 அமுக்குங்க, அதுல கன்சோல்னு ஒரு டேப் இருக்கும். அங்க நீங்க எழுதுற ஒவ்வொரு வரியையும் பிரௌசர் உடனே ஓட்டிக் காட்டும். சில லேப்டாப்ல எஃப்12 வேலை செய்யாது, எஃப்என் பட்டனையும் சேத்து அமுக்கணும்.

2 + 3 அடிச்சு என்டர் தட்டுங்க, 5 வரும். இதுல என்னப்பா இருக்குங்கிறீங்களா, இப்ப "5" + 1 அடிங்க, மேற்கோள் குறியோட. 6 வராது, 51 வரும். மேற்கோளுக்குள்ள போட்டா அது எண் இல்ல எழுத்து, அதனால கூட்டாம ஒட்ட வச்சிடுது. சரின்னு "5" - 1 அடிங்க, 4 வரும். எழுத்தைக் கழிக்க முடியாதுல்ல, அதனால அதுவா எண்ணா மாத்திக்குது. பத்து நாள்ல எழுதின மொழிக்கு இப்படி சில குணம் இருக்கும், கட்டிக்கிட்டாச்சு, பொறுத்துக்கணும்.

இன்னொண்ணு, இதை எந்த கிளாஸ்லயும் சொல்லித் தர மாட்டாங்க. தமிழ்லயே கூட எழுதலாம். கன்சோல்ல இந்த மூணு வரியை ஒவ்வொண்ணா அடிச்சுப் பாருங்க:

விலை = 40
எண்ணிக்கை = 3
விலை * எண்ணிக்கை

120 வரும். விலை, எண்ணிக்கைங்கிற மாதிரி ஒரு மதிப்புக்கு நாம வைக்கிற பேருக்கு மாறின்னு பேரு, இங்கிலீஷ்ல வேரியபிள். பேரை எந்த மொழியில வேணாலும் வைக்கலாம், இஃப், ஃபங்ஷன் மாதிரி மொழியோட சொந்த வார்த்தைங்க மட்டும்தான் இங்கிலீஷ். வேலைக்குப் போற இடத்துல இப்படி எழுதினா திட்டுவாங்க, ஆனா இங்கிலீஷ் பயத்தோட ஆரம்பிக்கிற ஒருத்தருக்கு முதல் நாள் இது பெரிய தைரியம், நான் பாத்திருக்கேன்.

அப்படியே [..."தமிழ்"] அடிச்சுப் பாருங்க. நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து, பிரௌசர் அஞ்சா உடைச்சுக் காட்டும், கொக்கியும் புள்ளியும் அதுக்குத் தனித்தனி. தமிழ் எழுத்தை எண்ணுற எந்த ப்ரோக்ராம்லயும் பின்னாடி இடிக்கப்போற விஷயம் இது.

ஒரே ஒரு எச்சரிக்கை. யாராவது வாட்ஸ்அப்ல "இதை கன்சோல்ல பேஸ்ட் பண்ணுங்க, அது கிடைக்கும் இது கிடைக்கும்"னு அனுப்பினா பண்ணாதீங்க. நீங்க லாகின் ஆகியிருக்கிற பக்கத்துல அந்த கோடு உங்க பேர்ல என்ன வேணாலும் பண்ணும். குரோம்ல முதல் தடவை பேஸ்ட் பண்ணும்போது தடுத்து நிறுத்தி எச்சரிக்கிறது இதனாலதான்.

## டாம்னா என்ன

எந்தச் செய்திப் பக்கத்தையாவது திறந்து, ஒரு தலைப்பு மேல ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் குடுங்க. அந்த எழுத்து மேல டபுள் கிளிக் பண்ணி உங்க பேரைப் போட்டுப் பாருங்க, தலைப்பே மாறிடும். ரீஃப்ரெஷ் பண்ணா பழையபடி ஆயிடும்.

ஏன்னா, சர்வர்ல இருந்து வர்றது வெறும் எழுத்துக் குவியல்தான், எச்டிஎம்எல். பிரௌசர் அதை வாசிச்சு, எதுக்குள்ள எதுன்னு ஒரு குடும்ப மரம் மாதிரி தன் மெமரியில கட்டி வச்சுக்குது. தாத்தா, அவருக்குக் கீழ அப்பா, சித்தப்பா, அவங்களுக்குக் கீழ நாம, அந்த மாதிரி. அந்த மரத்துக்குப் பேருதான் டாம். திரையில நாம பாக்கிறது இந்த மரத்தோட படம். ஜாவாஸ்கிரிப்ட் மாத்துறதும் இந்த மரத்தைத்தான், சர்வர்ல இருக்கிற ஃபைலை இல்ல. நீங்க தலைப்பை மாத்தினப்போ உங்க மெமரியில இருந்த மரம் மட்டும் மாறிச்சு, அவங்க ஆபீஸ்ல ஒண்ணும் நடக்கல. பேங்க் பேலன்ஸ், பரீட்சை மார்க்குன்னு சுத்துற ஸ்கிரீன்ஷாட்டை எல்லாம் நான் நம்பாததுக்குக் காரணமும் இதுதான், பத்து செகண்ட் வேலை.

பட்டனை அமுக்குறது, எழுத்து அடிக்கிறது, ஸ்க்ரோல் பண்றது, இந்த ஒவ்வொண்ணுக்கும் பேரு ஈவென்ட். "இந்தப் பட்டன் மேல கிளிக் வந்தா இந்த ஃபங்ஷனை ஓட்டு"ன்னு மரத்துல ஒரு இடத்துல சொல்லி வைக்கிறோம். என் தம்பி ரெண்டு மாசமா தேடினது இந்த ஒரு வரியைத்தான்.

## ஒரே மாஸ்டர், ஒரே வரிசை

கடையில மாஸ்டர் ஒருத்தர்தான், ஒரு நேரத்துல ஒரு டீதான் போடுவாரு. பால் தீந்துடுச்சு, பையனை அனுப்பிட்டு, அவன் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்க மாட்டாரு, அடுத்த ஆளுக்கு பிளாக் டீ போட ஆரம்பிச்சுடுவாரு. பையன் பாலோட வந்தாலும் பாதி டீயில கையைப் பிடிச்சு இழுக்க முடியாது, போட்டுக்கிட்டு இருக்கிறதை முடிக்கிற வரைக்கும் வரிசையில நிக்கணும்.

பிரௌசர்லயும் ஒரு பக்கத்தோட ஜாவாஸ்கிரிப்ட் ஒரே வரிசையிலதான் ஓடும். சர்வர்ல டேட்டா கேட்டா அதை பிரௌசர் வெளிய பாத்துக்கும், பதில் வந்ததும் உங்க ஃபங்ஷன் வரிசையில வந்து நிக்கும். "அடுத்து யாரு"ன்னு வரிசையைத் திரும்பத் திரும்ப பாக்கிற இந்த ஏற்பாட்டுக்கு ஈவென்ட் லூப்னு பேரு. அதனாலதான் கோடுல மேல எழுதினது பின்னாடியும் கீழ எழுதினது முன்னாடியும் ஓடுற மாதிரி தோணும். முடிவே இல்லாத ஒரு லூப் எழுதிட்டீங்கன்னா மாஸ்டர் ஒரே டீயை ஆத்திக்கிட்டே இருப்பாரு, வரிசை நகராது, பட்டன் அமுங்காது, பக்கம் தொங்கிடுச்சுன்னு பிரௌசர் சொல்லும்.

சுருக்கமா: டாம்ங்கிறது மெமரியில இருக்கிற மரம், ஈவென்ட்டுங்கிறது அதுல நடக்கிற சம்பவம், ஈவென்ட் லூப்புங்கிறது அந்தச் சம்பவங்களை ஒவ்வொண்ணா கவனிக்கிற வரிசை. பிரௌசர் ஸ்கிரிப்டிங்னு சொல்றதோட முதுகெலும்பு இது மூணும்தான்.

## சரி, எதுக்கு எங்க போறது

இப்ப லிங்க் லிஸ்டுக்கு வரலாம். டுடோரியல் வேற, அகராதி வேற. தமிழ் கத்துக்கிறேன்னு அகராதியை முதல் பக்கத்துல இருந்து படிக்க மாட்டோம்ல, ஆனா கோடிங்ல அதைத்தான் பண்றாங்க.

அகராதின்னா எம்டிஎன். மொசில்லா நடத்துறது, 2005-ல இருந்து இருக்கு, 2017-ல கூகுள், மைக்ரோசாஃப்ட் எல்லாம் கூட இதோட சேந்துக்கிட்டாங்க, போட்டிக் கம்பெனிங்களே ஒத்துக்கிட்ட அகராதின்னா பாத்துக்கோங்க. எதைத் தேடினாலும் கூடவே எம்டிஎன்னு இங்கிலீஷ்ல மூணு எழுத்தைச் சேத்துக்கோங்க. இதுல ஒரு ரகசியம், பக்கத்தோட முகவரியைப் பாருங்க, வெப்புக்கு அடுத்து ஜாவாஸ்கிரிப்ட்னு இருந்தா அது மொழி, வெப்புக்கு அடுத்து ஏபிஐன்னு இருந்தா அது பிரௌசர் அலமாரி. நான் மேல பிரிச்ச பிரிவை அவங்க முகவரியிலயே போட்டு வச்சிருக்காங்க. பக்கத்தோட அடியில எந்தெந்த பிரௌசர்ல இது வேலை செய்யும்னு ஒரு கட்டமும் இருக்கும். ஆரம்பப் பாடமும் தனியா இருக்கு, ஆனா என் கருத்து, எம்டிஎன் அகராதியா இருக்கிற அளவுக்கு வாத்தியாரா இல்ல.

வாத்தியார் வேணும்னா ஜாவாஸ்கிரிப்ட் டாட் இன்ஃபோ. முதல் பகுதி மொழி, ரெண்டாவது பகுதி பிரௌசர்னு தெளிவா வெட்டி வச்சிருக்காங்க. நிறையப் பாடத்துக்குக் கீழ பயிற்சி இருக்கும், அதைப் பண்ணாம அடுத்த பாடத்துக்குத் தாவாதீங்க. எனக்கு ஒரே ஒரு இடம்தான் சொல்லணும்னா இதைத்தான் சொல்வேன்.

படிக்கப் பொறுமை இல்ல, கையில பண்ணணும்னா ஃப்ரீகோட்கேம்ப், 2014-ல ஆரம்பிச்சது, பிரௌசர்லயே எழுதி அங்கயே சரியா தப்பான்னு சொல்லிடும். ஒரு குறை, அது கையைப் பிடிச்சே கூட்டிட்டுப் போகும், வெளிய வந்து வெத்து ஃபைலைத் திறந்தா என்ன எழுதுறதுன்னே கை ஓடாது. அதுக்கு மாத்து மருந்து தி ஓடின் ப்ராஜெக்ட், அவங்க உங்க கம்ப்யூட்டர்லயே எல்லாத்தையும் செட் பண்ண வச்சு அலைய விடுவாங்க, அந்த அலைச்சல்தான் மனசுல நிக்கும்.

டபிள்யூ3ஸ்கூல்ஸ் பத்திக் கேப்பீங்க. 1998-ல இருந்து இருக்கிற நார்வே கம்பெனி, வெப்புக்கு விதி எழுதுற டபிள்யூ3சி அமைப்புக்கும் இதுக்கும் பேர் ஒற்றுமையைத் தவிர சம்பந்தம் இல்ல. ஒரு காலத்துல பிழை நிறையன்னு பேர் கெட்டுச்சு, அப்புறம் திருத்திக்கிட்டாங்க. சட்டுனு ஒரு சின்ன உதாரணம் பாக்க நல்லா இருக்கும், அதுலயே குடியிருக்க வேண்டாம்.

தமிழ்லதான் வேணும்னா கணியம் தளம் 2012-ல இருந்து நடக்குது, எச்டிஎம்எல் உட்பட பல விஷயத்துக்கு எளிய தமிழ்ல இலவச மின்னூல் இருக்கு. யூடியூப்ல தமிழ் வீடியோவும் நிறைய, ஆனா பாக்கும்போது புரியுற மாதிரி இருக்கும், மூடினதும் கை வராது. பத்து நிமிஷம் பாத்தா இருபது நிமிஷம் அடிச்சுப் பாருங்க.

## தேதியைப் பாத்து வாங்குங்க

பால் பாக்கெட் வாங்கினா தேதி பாக்குறோம், டுடோரியலுக்குப் பாக்கிறதில்ல. கோடுல எல்லா மாறிக்கும் முன்னாடி வார் (var)னு இருந்தா அது பெரும்பாலும் இஎஸ்6 வந்த 2015-க்கு முந்தின பழக்கம், லெட், கான்ஸ்ட்னு இருந்தா அதுக்குப் பிந்தினது. வரிக்கு வரி $( னு ஆரம்பிச்சா அது அநேகமா ஜேகொயரி. 2006-ல ஜான் ரெசிக் எழுதின லைப்ரரி அது, அப்ப ஒவ்வொரு பிரௌசரும் ஒவ்வொரு மாதிரி நடந்துக்கும், குறிப்பா இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், அந்தக் கொடுமைக்கு இதுதான் கைமருந்தா இருந்துச்சு. அந்த எக்ஸ்ப்ளோரருக்கே 2022 ஜூன்ல மூடுவிழா நடத்திட்டாங்க. ஜேகொயரி கெட்டது இல்ல, பழைய சைட்ல இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு, ஆனா புதுசா கத்துக்கிறவர் அதுல ஆரம்பிக்கத் தேவையில்ல. ஏஐ கிட்ட கேட்டாலும் இதே கண்ணோட பாருங்க, சில சமயம் பழசும் புதுசும் கலந்து குடுக்கும்.

ரியாக்ட் எப்பன்னு எல்லாரும் கேக்கிறாங்க, வேலை விளம்பரம் பூரா அதான் இருக்கு. பட்டன், ஃபார்ம், சர்வர்ல இருந்து டேட்டா, இது மூணையும் லைப்ரரி இல்லாம நீங்களே ஒரு பக்கத்துல பண்ணிட்டீங்கன்னா அப்ப போங்க. அதுக்கு முன்னாடி போனா எது ரியாக்ட் எது ஜாவாஸ்கிரிப்ட்னே தெரியாம ரெண்டு மாசம் போகும்.

தம்பி விஷயத்துக்கு வர்றேன். ஃபீஸ் திரும்ப வரல. ஆனா மூணு வாரத்துல சித்தியோட சீட்டுக் கணக்குக்கு ஒரு பக்கம் பண்ணிட்டான், பேர் போட்டு பட்டனை அமுக்குனா யார் எவ்வளவு கட்டணும்னு வருது. நேத்து ராத்திரி போன் பண்ணி, "ரீஃப்ரெஷ் பண்ணா எல்லாம் போயிடுதுண்ணே, அம்மா திட்டுறாங்க"ன்னான். லோக்கல்ஸ்டோரேஜ்னு ஒண்ணு இருக்கு, பிரௌசர்லயே டேட்டாவைச் சேத்து வைக்கும், தேடிப் பாருன்னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "இது மொழி இல்லண்ணே, அலமாரி, முகவரியில ஏபிஐன்னு இருக்கு"ன்னான்.